தடாவுக்குப் போன பூனைக்கம்பம்

எங்க வூட்டுக்காரு கோதண்டம் ஒரு நாள் காலைல, நாஷ்டா துன்றதுக்கு முன்னாடி, கூடத்துல நட்ட நடுவுல நின்னுகினு சபதம் போட்டாரு. இந்த வூட்டு மேல கவர்மெண்டு நம்பரு ஒண்ணு ஏறணும்னா, மொதல்ல அவரு பாடை இங்கேருந்து எறங்கணுமாம். நான் அப்போ சட்னிக்கு தாளிச்சிகினு இருந்தேன். கடுகு வெடிச்ச சத்தத்துல பாதி சபதம் காதுல வுழல. மறுபடியும் மொதல்லேருந்து சொல்லுய்யான்னேன். அவரு மூஞ்சி தொங்கிட்ச்சி. சபதத்த ரெண்டாவது வாட்டி சொன்னா அது சபதம் மாரியா இருக்கும், ரேஷன் கடைல கார்டு நம்பரு சொல்ற மாரில்ல இருக்கும்.

அவரு சபதம் போடறது புதுசு இல்ல. எங்க கல்யாணத்துல மூணாவது பந்தில அவங்க மாமா எலைக்கு மீன் தலை வரலன்னு, இனிமே எங்கம்மா வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சபதம் போட்டாரு. நாலு நாள் மிதிக்கல. அஞ்சாவது நாள் எங்கம்மா சுறாப்புட்டு பண்ணிகீதுன்னு தகவல் வந்துச்சி. வாசப்படிய மிதிக்காம அப்டியே தாண்டி குதிச்சி உள்ள போனாரு. சபதமும் காப்பாத்தியாச்சி, புட்டும் துன்னாச்சி. அத்தினி மூளைக்காரரு.

சரி, நான் நம்பரு கதைக்கு வரேன்.

எங்க வூடு ராயபுரம் கல்மண்டபத்தாண்ட. அவரு முப்பத்தாறு வருசம் ஹார்பர்ல வேலை. கப்பல் வந்து ஒட்டுனா, மேலேருந்து வுடுற கயித்த வாங்கி கரைல கட்டுற வேலை. ரிட்டையர் ஆனப்புறம் கட்டுறதுக்கு கப்பல் இல்ல. கை சும்மா இருக்குமா. வூட்ல கீறத எல்லாம் கட்ட ஆரம்பிச்சாரு. கேஸ் சிலிண்டர கட்டுனாரு. ஃபிரிட்ஜ் கதவ கட்டுனாரு. சொம்பத் தூக்கி தண்ணிக் கொடத்தோட கட்டுனாரு. ஒரு வாய் தண்ணி குடிக்கணும்னா மூணு முடிச்சு அவுக்கணும். நாப்பத்திரெண்டு வருசத்துக்கு முன்னாடி அவரு போட்ட மூணு முடிச்சையே நான் இன்னும் அவுக்க முடியாம குந்திகினு கீறேன்.

அந்த நேரத்துலதான் எங்க தெரு பிலோமி அழுதுகினு வந்துச்சி. அது வளக்குற பூனை புது சோபாவ நார் நாரா பிராண்டி வெச்சிட்ச்சாம். மேல சுத்தி வந்த பிளாஸ்டிக் கவரக்கூட அது இன்னும் பிரிக்கலயாம், பூனைதான் பிரிச்சி வெச்சிதாம். பிலோமி அழுதா லேசுல நிறுத்தாது. அது புருஷன் தவசிமுத்து துபாய் போனப்போ ஏர்போர்ட்ல அழுத அழுகைல, அந்தாளு பிளேனு வுட்டுட்டு திரும்பி வந்துட்டாரு. இன்னிக்கி வரைக்கும் போகல. அத வுடுங்க.

இவரு ஒரு யோசனை பண்ணாரு. கப்பல் கட்டுற பழைய மணிலா கயித்த கல்மண்டபத்துல எடைக்கு விக்கிறாங்க. அத்த வாங்கியாந்து, ஒரு மரக்கட்டைல கீழேந்து மேல வரைக்கும் இறுக்கி சுத்துனாரு. சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்லேருந்து ஒரு தகடு கொண்டாந்து அடில வெச்சி முடுக்குனாரு. பிலோமி வூட்ல கொண்டு போய் நிறுத்துனாரு. பூனை அன்னிக்கே சோபாவ வுட்டுட்ச்சி. கம்பத்த கட்டிப் புட்ச்சிகினு கெடக்குது. எல்லாம் தன்னோட கைவேலைன்னு இவரு தெருவெல்லாம் சொல்லிகினு திரிஞ்சாரு. எனக்கில்ல தெரியும். முப்பது வருசம் ஹார்பர் காத்துல ஊறுன கயிறு. அதுல கீற மீன் நாத்தத்துக்கு பூனை இன்னா, நானே ரெண்டு வாட்டி மோந்து பாத்தேன்.

தெருமுனைல மெஹ்னாஸ் ஜெராக்ஸ் கடை வெச்சிகீது. சூட்டிகையான பொண்ணு. என்னிய ஆயான்னு கூப்பிடும், இவர நைனான்னு கூப்பிடும். ஒரே வயசு சோடில ஒருத்தி ஆயா, ஒருத்தன் நைனா. அதுல இந்த மன்சனுக்கு ஒரு பெருமை, கண்ணாடி முன்னாடி நின்னு மீசைய முறுக்கிக்கிறாரு. மெஹ்னாஸ்தான் கம்பத்த போட்டோ புடிச்சி, என் பேர்ல ஆன்லைன்ல கடை போட்டுக் குடுத்துச்சி. மொத வாரமே கோயமுத்தூருக்கு ஒண்ணு, திருநெல்வேலிக்கு ரெண்டு. பூனை பிராண்டுறதுக்கு மன்சன் வெலை குடுத்து வாங்குறான். எங்க காலத்துல பூனை பிராண்டுனா வெளக்கமாறுதான்.

பெங்களூர்லேருந்து ஒரு பொண்ணு கேட்டுச்சி. பூனைங்களுக்குன்னு ஹாஸ்டல் நடத்துதாம். ஊருக்குப் போறவங்க பூனைய அங்க வுட்டுட்டு போவாங்களாம். அதுக்கு இருவது கம்பம் வேணும். ஒரு மாசம் பாப்பேன், அதுக்குள்ள அனுப்ப முடியலன்னா வேற ஆளாண்ட வாங்கிக்குவேன்னு சொல்லிட்ச்சி. இருவது கம்பம். எனக்கு நைட்டு தூக்கம் வர்ல. என் வயசுல தூக்கம் வராததுக்கு மூட்டுவலியத் தவுத்து ஒரு காரணம் கெடச்சதே பெரிய விசயம்.

ஆனா அனுப்ப முடியாதுன்னுட்ச்சி மெஹ்னாஸ். நம்மள மாரி சின்ன ஆளுங்க தமிழ்நாட்டுக்குள்ள விக்கிறதுன்னா பேர பதிஞ்சிகினா போதுமாம், ஜிஎஸ்டி நம்பரு இல்லாம ஓட்டலாமாம். ஸ்டேட் பார்டர தாண்டி ஒத்தக் கம்பம் போனாலும் நம்பரு வேணுமாம். நம்பரு இல்லாத கடையோட சரக்க ஆன்லைன் கம்பெனிக்காரன் அந்தாண்ட அனுப்பவே மாட்டானாம்.

எனக்கு இது மண்டைல ஏறவே இல்ல. கன்னியாகுமரி எங்க கீது, ஒரு நாள் பூரா ரயில்ல போவணும், அங்க அனுப்பலாம். தடா எங்க கீது, கொருக்குப்பேட்டைல சூளூர்பேட்டை வண்டி ஏறுனா கைல கீற டீ சூடு ஆறதுக்குள்ள எறங்கிடலாம், அங்க அனுப்பக்கூடாது, ஏன்னா அது ஆந்திரா. பாண்டிச்சேரியும் வெளியதானாம். பாண்டிச்சேரி எப்போ வெளியூரு ஆச்சுன்னு இவரு சண்டைக்கே நின்னாரு. பாட்டிலு வாங்கியாரப்போ மட்டும் செக்போஸ்டு எங்க கீதுன்னு கரெக்டா தெரியுதேய்யான்னேன். அதோட பாண்டிச்சேரிப் பேச்ச வுட்டாரு.

நம்பரு வாங்கறது ஒண்ணும் மலைய பொரட்டுற வேலை இல்லன்னு மெஹ்னாஸ் சொல்லிச்சி. ஒரு வாரத்துல வந்துரும். அப்பால ஒயுங்கா கணக்கு காட்டிகினு இருக்கணும், விக்காத மாசம் கூட ஒண்ணும் விக்கலன்னு சொல்லணும். அத்த அது பாத்துக்கும். ஒண்ணே ஒண்ணுதான் குறை. வூடு அவங்கப்பா அவருக்கு எழுதி வெச்சது. அவரு பேர்ல கீது. என் வூட்ல என் பொண்டாட்டி யாவாரம் பண்றதுல எனக்கு ஆட்சேபணை இல்லன்னு அவரு ஒரு கடுதாசில கையெழுத்து போடணும்.

அதுக்குத்தான் அந்த சபதம்.

இந்த மன்சனுக்கு டாக்ஸுன்னா இன்னான்னு நெனப்பு தெரியுமா. முப்பத்தாறு வருசம் தெனம் சாயங்காலம் ஹார்பர் கேட்ல டிபன் பாக்ஸ தொறந்து காட்டிட்டு வூட்டுக்கு வந்தவரு. ஒரு வாட்டி கப்பல்காரன் ஒருத்தன் ஆசையா குடுத்த ஜப்பான் டார்ச் லைட்டுக்கு கேட்ல ரெண்டு மணி நேரம் பதில் சொல்லிகினு நின்னாராம். இப்போ நம்பரு வாங்குனா அந்த ஹார்பர் கேட்டு நம்ம வூட்டு வாசலுக்கே வந்துரும், தெனம் கொழம்புச் சட்டிய தொறந்து காட்டணும்னு பயம். பயம்னு சொல்லுவாரா. சபதம்னு சொன்னாரு.

அதோட இன்னொண்ணு. நாப்பத்திரெண்டு வருசத்துல என் கைக்கு அவரு கையெழுத்து தேவைப்பட்டது இதான் மொத தடவை. அந்த ருசி அவருக்கு புட்ச்சிப் போச்சி. காபி கேக்குற கொரலே மாறிட்ச்சி. கல்யாணத்துக்கு அப்பால மொத வாட்டியா எனக்கு முன்னாடி கால் மேல கால் போட்டுகினு குந்துனாரு.

ரெண்டு நாள் கழிச்சி வழியும் அவரே கண்டுபுட்ச்சிகினு வந்தாரு. அவரு தங்கச்சி மங்கைக்கு ஆரம்பாக்கத்துல டீக்கடை. ஆரம்பாக்கம்தான் நம்ம பக்கத்து கடேசி ஸ்டேஷன். அடுத்தது தடா. நம்ம கடைப் பக்கத்துல கேள்வி கேக்குற எடத்துல தடாக்காரங்க நெறய பேரு கேட்டுகினு இருந்தாங்க, அந்தப் பக்கம் பெரிய கம்பெனிங்க, குவார்ட்டர்ஸ்ல பூனை வளக்குறாங்க. அவங்கள மங்கை டீக்கடை அட்ரசு போட்டு ஆர்டர் பண்ணச் சொல்றது. சரக்கு தமிழ்நாட்டுலயே எறங்கிரும். அங்கேருந்து ஒரு ஸ்டேஷன் இவரு தோள்ல தூக்கிகினு போய் குடுத்துட்டு வந்துருவாரு.

"பார்டர யாரு தாண்டுறா? சரக்கா தாண்டுது? நான் தாண்டுறேன். எனக்கு யாரு டாக்ஸு போடுவான்?" அப்டின்னாரு.

மெஹ்னாஸ் இது சட்டத்துல நிக்காது நைனான்னு சொல்லிப் பாத்துச்சி. இவரு கேக்கல. நான் சரின்னுட்டேன். அதான் அவரு எதிர்பாக்கல. ஒரு வாரம் சண்ட போடறதுக்கு பதிலு தயார் பண்ணி வெச்சிருந்தாரு, அத்தினியும் வேஸ்டா பூட்ச்சி. பெங்களூரு இன்னாய்யா பண்றதுன்னு கேட்டேன். மொதல்ல தடாவ முடிப்போம், அப்பால ஓசூர்ல ஒரு தோஸ்து கீறான்னாரு. அன்னிக்கி மெஹ்னாஸ் கடைல அந்த அட்ரசு எல்லாம் எழுதிப் போட்டோம். இவரு பெருமையா டீ குடிக்கப் போனாரு. நானும் மெஹ்னாஸும் கொஞ்ச நேரம் பேசிகினு இருந்தோம். பொம்பளைங்களுக்கு பேச ஆயிரம் இருக்கும்.

மொத ஆர்டரு வந்துச்சி. காலைல ஏழு மணி வண்டில போனாரு. மதியம் சாப்பாட்டுக்கு வந்துருவேன்னாரு. மதியம் வர்ல. சாயங்காலமும் வர்ல. ஏழு மணிக்கு வந்து, சொம்பு முடிச்ச அவுக்கக்கூட பொறுமை இல்லாம கொடத்தோட தூக்கி தண்ணி குடிச்சாரு.

இன்னாய்யா ஆச்சுன்னேன். கம்பத்த குடுத்துட்டு கெளம்பலாம்னு பாத்தா, அந்த வூட்டம்மா கூச்சோண்டி தாத்தகாரு, குந்துங்க தாத்தான்னு நாற்காலி போட்டுச்சாம். பூனை வந்து பிராண்டுற வரைக்கும் குந்தணும்னு சொல்லிச்சாம். பூனை கட்டிலுக்கு அடில. நாலு மணி நேரம் நாற்காலி மேல இவரு, கட்டிலுக்கு அடில அது.

"ஆந்திராவுல அப்டித்தான் போல கீது புஷ்பா. சரக்கு குடுக்குறவன் பூனைய பழக்கி குடுத்துட்டு போவணுமாம்."

அந்த ஊரு வழக்கம் யாருக்குய்யா தெரியும்னேன். வெங்காயம் உரிச்சிகினு இருந்தேன், அத்தொட்டு என் மூஞ்சிய பாத்து அவருக்கு ஒண்ணும் தெர்ல.

ரெண்டாவது வூட்லயும் அதே கூச்சோண்டி. மூணாவது வூட்ல ரெண்டு பூனை, ஒண்ணு வந்தா ஒண்ணு வராதாம். நாலாவது வூட்ல இன்னும் மோசம். பூனைக்கு கம்பம் புடிக்கலன்னு திருப்பி அனுப்புறேன்னுட்டாங்க. ஆன்லைன்ல திருப்பி அனுப்புனா, எந்த அட்ரசுல குடுத்தானோ அங்கதான் வந்து எடுப்பான். கொரியர்காரன் மங்கை டீக்கடைல வந்து நிக்கிறான், கம்பம் தடாவுல கீது. மங்கை போன் பண்ணி அண்ணன திட்டுது. இவரு அடிச்சி புட்ச்சிகினு தடாவுக்குப் போய், கம்பத்த தோள்ல போட்டுகினு, வண்டி இல்லாம தண்டவாளத்தோரமா நடந்தே பார்டர தாண்டி வந்தாரு. அடித்தகடு மட்டும் ஆறு கிலோ. ஜப்பான் டார்ச் லைட்டுக்கு நின்ன மாரி ஒவ்வொரு ஆபீசர் மூஞ்சியும் கண்ணு முன்னாடி வந்துச்சாம். அங்க ஒரு ஆபீசரும் இல்ல, மேயிற எருமை ரெண்டுதான் இருந்துச்சி. அதுங்களப் பாத்தே வேர்த்துட்டாரு.

இப்டியே மூணு வாரம் பூட்ச்சி. பெங்களூர் பொண்ணு ஆயா இன்னும் ஒரு வாரந்தான்னு மெசேஜ் போட்டுச்சி. அத்த நான் அவராண்ட சொல்லல. அவரு மூட்டுக்கு தைலம் தேய்ச்சி வுட்டேன், அடுத்த ஆர்டரு வந்துகீதுன்னு சொன்னேன். ரெண்டையும் ஒரே கையால பண்ணேன்.

அந்த அடுத்த ஆர்டர்லதான் முடிஞ்சிது. ஒரு வூட்ல அஞ்சு பூனை. அஞ்சும் வரிசையா குந்திகினு இவரையே பாக்குதாம், ஒண்ணும் கம்பத்துப் பக்கம் வர்ல. மணி நாலு ஆச்சி. சாயங்கால வண்டி பூடும்னு பயம். எப்டி பிராண்டணும்னு நாமளே காட்டுவோம்னு இந்த அறுவத்தெட்டு வயசு மன்சன், வேட்டிய மடிச்சி கட்டிகினு, கம்பத்துக்கு முன்னாடி மண்டி போட்டு, ரெண்டு கையாலயும் பிராண்டி காட்டிகீறாரு. சத்தத்தோட. அந்த வூட்டுப் பொண்ணு அத்த அப்டியே வீடியோ புடிச்சிட்ச்சி. புடிச்சது பரவால்ல. நம்ம கம்பத்துக்கு கீழ அஞ்சு ஸ்டாரு குடுத்து, அந்த வீடியோவையும் சேத்து போட்டுட்ச்சி.

பிலோமிதான் மொதல்ல பாத்துச்சி. சிரிச்சி சிரிச்சி அழுதுச்சி. அது அழுதா நிறுத்தாதுன்னு சொன்னேன்ல. தவசிமுத்து அத்த ஹார்பர் ரிட்டையர்டு ஆளுங்க குரூப்ல போட்டாரு. மறுநா காலைல இவரு டீக்கடைக்குப் போனாரு. கப்பல் கட்டுன கையி, கிரேன் ஓட்டுன கையின்னு பத்து பாஞ்சு பெருசுங்க குந்திகினு இருந்தாங்க. டீ மாஸ்டரு இவரு டம்ளர்ல டீய ஊத்தல. தட்டுல பால ஊத்தி கீழ வெச்சாரு.

வூட்டுக்கு வந்து கட்டில்ல குந்துனாரு. கால் மேல கால் போடல. அப்பால என்னியப் பாக்காமயே, அந்த கடுதாசி எங்க கீதுன்னு கேட்டாரு.

நான் ஒடனே எடுத்துக் குடுக்கல. அவசரம் காட்டுனா மன்சன் உஷாராயிடுவாரு. எங்கியோ வெச்சேன், தேடணும்னேன். சபதம் போட்டியேய்யான்னும் கேட்டு வெச்சேன். சபதம் பாடை பத்திதானே, கையெழுத்து பத்தி நான் ஒண்ணும் சொல்லலயேன்னாரு. சுறாப்புட்டுக்கு வாசப்படிய தாண்டுன காலாச்சே. போனாப் போவுதுன்னு உன் மேல கீற இரக்கத்துல போடுறேன் புஷ்பா, நாளைக்கி என்னால யாவாரம் கெட்டுதுன்னு நீ சொல்லக்கூடாதுன்னாரு. சொல்ல மாட்டேன்யான்னேன்.

வெள்ளை வேட்டி கட்டிகினு மெஹ்னாஸ் கடைக்கு வந்தாரு. அவரு கையெழுத்து போடறத நீங்க பாக்கணும். சம்பள நாள்ல போட்டுப் போட்டு பழகுன கையெழுத்து. நங்கூரத்துல ஆரம்பிச்சி அலை மாரி போய் அடில ரெண்டு கோடு இழுக்கும். பேங்குல ரெண்டு வாட்டி இது கையெழுத்தா படமான்னு கேட்டுகீறாங்க. நிதானமா போட்டாரு. ஊதி காய வெச்சாரு. தானம் குடுக்குற மாரி ரெண்டு கையாலயும் நீட்டுனாரு. மெஹ்னாஸ் வாங்கி மிஷின்ல வெச்சிது, கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டிச்சி, எனக்கு நெஞ்சு பாரம் எறங்குச்சி.

இவரும் லேசாயிட்டாரு. பாவம், நல்ல மனசுதான். இனிமே கொரியர்லயே பூடும், அந்த ஆந்திரா பூனைங்கள யாரு பழக்குவாங்கன்னு கவலைப்பட்டாரு.

மெஹ்னாஸ் சின்னப் பொண்ணுதானே. கள்ளங்கபடம் இல்ல. அது பாட்டுக்கு திரைய பாத்துகினே கேட்டுட்ச்சி.

"ஆயா, 'தடா வாடிக்கையாளர்களுக்கு மட்டும், துறைமுகத்தில் முப்பத்தாறு ஆண்டு அனுபவம் உள்ளவர் நேரில் வந்து, பூனை பழகும் வரை இலவசமாக அமர்ந்திருப்பார்'னு போட்டோமே. நம்பரு வரப்போவுதுல்ல, இத்த தூக்கிரலாமா?"

நான் ஜெராக்ஸ் மிஷின இதுக்கு முன்னாடி பாத்ததே இல்லாத மாரி பாத்துகினு இருந்தேன்.

இவரு மெதுவா எழுந்து கம்ப்யூட்டராண்ட போனாரு. கண்ணாடிய மாட்டுனாரு. ஒவ்வொரு எழுத்தா படிச்சாரு. முப்பத்தாறு ஆண்டுங்கற எடத்துல கொஞ்சம் நின்னாரு, அது அவருக்கு புட்ச்சிருந்துச்சின்னு நெனைக்கிறேன். அப்பால இது எப்போம்மா போட்டீங்கன்னு கேட்டாரு. நீ அட்ரசு எழுதிட்டு டீ குடிக்கப் போனியே நைனா, அப்போதான்னுட்ச்சி அது.

அவரு என் பக்கம் திரும்பல. மெஹ்னாஸ் பக்கம் கைய நீட்டுனாரு.

"அந்த கடுதாசிய குடு."

மெஹ்னாஸ் ஒடனே எடுத்து அவரு கைல குடுத்துட்ச்சி.

"பேப்பர நீயே வெச்சிக்கோ நைனா, கவர்மெண்டு கம்ப்யூட்டர்ல அது அப்பவே ஏறிட்ச்சி."